குரங்கணிச் சாவடியில் நான் பேசிய சட்டம்

நான் பிறவியிலேயே பருமன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அரசாங்கமே ஒருமுறை ஆள் வைத்துச் சோதித்து உறுதி செய்த உண்மை இது.

ஐம்பதுகளின் தொடக்கம். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். மலைக்கு அந்தப் பக்கம் வேறு ராஜ்யம். அங்கே அரிசிப் பஞ்சம். போடியிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு படி அரிசிகூட மேலே போகக்கூடாது. குரங்கணிக்குப் போகும் வழியில் அதற்கென்றே ஒரு போலீஸ் சாவடி இருந்தது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் சேலைக்குள் இடுப்பைச் சுற்றி அரிசியைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தோட்டத்து மானேஜர் சொல்லியனுப்பியிருந்தார். சாவடியில் நான் ஏறி வந்த ஜீப்பை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். எனக்குப் பின்னால், நடந்து வந்த தோட்டத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். இளவட்டப் போலீஸ்காரர் ஒருவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை இடுப்பில் வந்து நின்றுவிட்டது.

"அம்மா, கொஞ்சம் இப்பிடி தள்ளி நில்லுங்க. இடுப்புல அரிசி இருக்குற மாதிரி தெரியுது."

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் அப்பா போடியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சாப்பிடும்போது அவர் பேசிக் கேட்டதில் எனக்கும் கொஞ்சம் சட்டம் தெரியும். (மொத்தமே இரண்டு சட்டம்தான். ஆனால் ஐகோர்ட்டே என் கைப்பைக்குள் இருப்பதாக நினைப்பு.)

"சும்மா தோணுச்சுன்னு ஒருத்தரப் புடிக்க முடியாது. நியாயமான சந்தேகம் இருக்கணும். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கணும். ஒங்க காரணம் என்ன?"

"அதான் பாத்தாலே தெரியுதே..."

"என்ன தெரியுது? எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க... கொஞ்சம்... கனமா இருக்கீங்க."

"கனமா இருக்குறது எந்தச் சட்டத்துல குத்தம்?"

சத்தம் கேட்டு ஏட்டையா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம், சட்டத்த அங்க வந்து பேசட்டும்" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போனால் வேலை போச்சு. மானமும் போச்சு. ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை. (அது என்றைக்கும் என் பேச்சைக் கேட்டதில்லை.) மிச்சமிருந்த இன்னொரு சட்டத்தையும் எடுத்து வீசினேன்.

"பொம்பளையச் சோதிக்கணும்னா பொம்பளதான் சோதிக்கணும். அதுவும் மரியாதையாச் சோதிக்கணும். கொண்டாங்க ஒரு பொம்பளைய!"

பாதையைக் காவல் காத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அந்த அம்மாள், என்னைச் சாவடிக் குடிசைக்குள் அழைத்துப்போய், சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவளைப் போல இடுப்பையும் விலாவையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே தலையை நீட்டி, மலைக்கே கேட்கும்படி அறிவித்தாள்:

"ஏட்டையா! அரிசி ஒரு மணிகூட இல்ல. அம்புட்டும் சொந்தச் சரக்கு!"

ஜீப்பு டிரைவர் ஸ்டீயரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குடிசைக்குள்ளேயே குடித்தனம் நடத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் ஜெயித்திருக்கிறேன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"இனிமே காரணத்த யோசிச்சிட்டு ஆள நிறுத்துங்க."

ஏட்டையா சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "தப்புதான் டீச்சரம்மா. வெரசாக் கெளம்புங்க." பிறகு இளவட்டத்தின் பக்கம் திரும்பி, "பருமனெல்லாம் ஒரு காரணமாய்யா?" என்று கேட்டது என் காதில் தேனாக விழுந்தது.

பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்து வேலையை ஒப்புக்கொண்டேன். சில நாள் கழித்து, தோட்டத்தில் வேலை செய்து, லயம் என்ற கூலிக்காரர் வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஒருத்தி தன் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தாள்.

"அன்னிக்கு நீங்க சாவடியில சட்டம் பேசினீகள்ல, நாங்களும் அங்கனதான் நின்னோம். போலீசுக்காரவுக அம்புட்டுப் பேரும் ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தாகளா, நாங்க பைய நழுவிட்டோம். எங்க லயத்துல எல்லா வீட்லயும் சோறு பொங்கிச்சு டீச்சரம்மா."

சட்டத்தைக் காப்பாற்றப் போனவள், ஒரு கடத்தல் கூட்டத்துக்கே வழிவிட்டிருக்கிறேன்! வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தபோது, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வருஷம் லயத்துப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் பள்ளிக்கு வந்தார்கள்.

இப்போது இந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்வது என் மருமகள். அவள் சொல்லச் சொல்ல, வருஷத்துக்கு வருஷம் போலீஸ்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நானும் இன்னும் பருத்துக்கொண்டே போகிறேன். போன பொங்கலுக்குச் சொன்னபோது என்னைச் சுற்றி வரவே பேச்சியம்மாவுக்கு வெகு நேரம் பிடித்ததாம். நான் மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.