கடைசி நாள் மல்லனும் என் வயிற்று வலியும்

அன்று காலை கண் விழித்ததும் ஒரு முடிவு எடுத்தேன். உலகமே இடிந்து விழுந்தாலும் இன்றைக்கு மலையை விட்டு இறங்குவதில்லை.

இறங்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. திருப்பத்தூரில் என் மச்சினி கீதாஞ்சலிக்கு நிச்சயதார்த்தம். நான்தான் மூத்த மாப்பிள்ளை. நான் வராவிட்டால் மாமியார் மங்கம்மாள் மண்டபத்திலேயே மூக்கைச் சிந்துவார். என் மனைவி ரேணுகாதேவி சிந்த மாட்டாள். சிந்த வைப்பாள்.

காரணத்தை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

காவலூர் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான். ஆனால் இணையத்தில் நான் ஒரு சுமோ ஆட்டக்காரன். ஜப்பானில் மல்லர்கள் நிஜமாகவே மோதுவார்கள். இங்கே நாம் தினம் ஒரு மல்லரைத் தேர்ந்தெடுத்து போனில் அழுத்த வேண்டும். அவர் ஜெயித்தால் நாம் ஜெயித்த மாதிரி. ஒரு தடவை எடுத்தவரை மறுபடி எடுக்கக் கூடாது. பதினைந்து நாள் போட்டி. காசு கிடையாது, பரிசு கிடையாது. ஒரு சுவர் மட்டும் உண்டு. முதல்வர் சுவர். நம்ம ஊரில் போஸ்டர் ஒட்டுகிற சுவர் இல்லை. எதையாவது உலகத்திலேயே முதலில் செய்தவர்களின் பெயர் ஏறுகிற சுவர். பல போட்டிகள் ஆடி முதன்முதலில் நூறு வெற்றி பெற்றவர் ஒரு டிராம் ஓட்டுநர். முதன்முதலில் எல்லா நாளும் தோற்றவர் ஒரு பல் டாக்டர். ஒரு இடம் மட்டும் காலியாகவே இருந்தது. ஒரு நாள்கூடத் தோற்காமல் போட்டியை முடித்தவர்.

நான் பதினாலு நாள் தோற்கவில்லை.

ஊரில் யாருக்கும் தெரியாது. கடையில் டயரைத் தண்ணீரில் அமுக்கும்போதுகூட என் நெஞ்சுதான் குமிழி விட்டது. கடைசி நாளுக்கென்றே ஒரு மல்லரைச் சேர்த்து வைத்திருந்தேன். ஜப்பான் பேர் என் வாயில் நுழையாது. நானே பேர் வைத்துவிடுவேன். பெரிய மலை. அந்தப் போட்டியில் அவரை யாரும் அசைக்கவில்லை. ஆனால் காலையிலேயே அவரை அழுத்திவிட முடியாது. அழுத்திய பிறகு அவர் காயம் என்று விலகிவிட்டால் போச்சு, மாற்ற முடியாது. பதினொன்றரை மணிக்குக் கதவை மூடுவார்கள். அதற்குச் சற்று முன்னால் பார்த்து அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் நான் ஆலங்காயம் மலைப்பாதையில் வேனில் இருப்பேன். அங்கே சிக்னல் வரும், போகும். வராமலே போய்விட்டால்?

அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

“ரேணு... வயிறு...”

“இன்னா வயிறு?”

“வலிக்குது. முறுக்குது.”

பட்டுப் புடவையில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு நிஜமாகவே வியர்த்தது. அதுவே எனக்கு உதவியது.

“அய்யோ, வேர்த்து ஊத்துதே! நீங்க வர வேணாங்க. படுத்துக்கினு இருங்க. நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்.”

இவ்வளவு சுலபமா? பதினைந்து வருட குடும்ப வாழ்க்கையில் என் பொய் ஒன்று முழுசாக நின்றது இதுதான் முதல் தடவை. இதற்கும் ஒரு சுவர் இருந்தால் தேவலை.

அவள் தலையணைக்குக் கீழே கை விட்டாள். என் போனை எடுத்து கைப்பையில் போட்டாள்.

“ரேணு! அது...”

“என் போன்ல போட்டோ எடுத்தா எல்லாரும் பேய் மாதிரி வர்றாங்க. உங்களுது நல்லா வருது. நோயாளிக்கு போன் எதுக்கு? கண்ண மூடிப் படுங்க. கோபால்சாமி அண்ணன வந்து பாத்துக்கச் சொல்லிட்டுப் போறேன்.”

“உன் போனையாவது வெச்சிட்டுப் போ!”

“அதுல எங்கம்மா கூப்புடுவாங்களே.”

வேன் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள். என் பெரிய மலையும் அவள் கைப்பைக்குள் குலுங்கிக் குலுங்கி மலை இறங்கியது.

அடுத்த வீட்டு கோபால்சாமி கஞ்சியும் நிலவேம்புக் கஷாயமுமாக உள்ளே வந்தான்.

“குடிப்பா சிங்காரம்.”

“உன் போன குடுப்பா கோபாலு.”

“மொதல்ல இத்த குடி. ரேணு சொல்லிட்டுப் போயிருக்குது. சொட்டு மிச்சம் வெச்சாலும் போன் பண்ணணுமாம்.”

குடித்தேன். இல்லாத வலிக்கு அவ்வளவு கசப்பு. பிறகு போனைக் கொடுத்தான். பொத்தான் போன். அதில் சுமோவும் இல்லை, இணையமும் இல்லை. விளையாட்டு என்று பாம்பு ஒன்று மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று தாண்டிவிட்டது. ஒரே வழி. ரேணுவைக் கூப்பிட்டேன்.

“இன்னாங்க? வயிறு எப்டி இருக்குது?”

“அத்த வுடு. என் போன எடு. அவசரம்.”

“நோயாளிக்கு இன்னா அவசரம்?”

“அதுல ஒருத்தர அழுத்தணும்.”

“யார அழுத்தணும்?”

“ஜப்பான்காரர. குண்டா இருப்பாரு. கோமணம் கட்டியிருப்பாரு.”

வேனில் யாரிடமோ ‘உஷ்’ என்றாள்.

“ஏங்க, ஜுரம் கிரம் அடிக்குதா?”

சொன்னேன். சுமோ, சுவர், பதினாலு நாள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பொறுமைதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப வயித்து வலி?”

“அது... லேசா...”

“சரியா கேக்கலங்க. சிக்னல் இல்ல.”

“பொய்!”

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

“வயித்து வலி பொய்! நிச்சயத்துக்கு வராம இருக்க நான் சொன்ன பொய்!”

அந்தப் பக்கம் ஒரு முழு வேன் சிரித்தது. நடுவில் மாமியாரின் குரல் தனியாகக் கேட்டது.

“நல்லா இருக்கீங்களா மாப்ளே?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

மானம் போனது போகட்டும். கடிகார முள் போய்க்கொண்டே இருந்தது.

“ரேணு, போன தொற. லாக்கு உன் பொறந்த நாளுதான்.”

“போட்டுட்டேன். தொறக்கல.”

“ஆவணி பத்தொம்பது... இங்கிலீஷ்ல செப்டம்பர் நாலு!”

“அது உங்க அக்கா கெங்கம்மா பொறந்த நாளுங்க.”

வேன் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“தொறந்துட்டேன். நீங்க குறிச்சு வெச்ச ஆட்டத்துல ரெண்டு பேரு நிக்குறாங்க. ஒருத்தரு மலை மாதிரி, இன்னொருத்தரு வயசானவரு, முட்டியில கட்டு போட்டுக்கினு. யாரு?”

“அந்த ம...”

சிக்னல் போய்விட்டது.

“ஹலோ? ரேணு? ஹலோ!” மறுபடி கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இப்போது வயிறு உண்மையிலேயே முறுக்கியது.

“வலி வந்துடுச்சா?” என்றான் கோபால்சாமி ஆவலாக. “இன்னொரு டம்ளர் இருக்குது.”

அவன் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எத்தனை கொண்டை ஊசி வளைவு, எத்தனை பஸ், ஒன்றும் நினைவில்லை. எந்த மல்லரை அழுத்தினாள்? அழுத்தினாளா? ஒருவேளை கோபத்தில் போனையே ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாளா? வளைவுக்கு ஒரு பயம் வந்தது.

மண்டபத்துக்குள் லுங்கியோடு நுழைந்தேன். மொத்தக் கூட்டமும் திரும்பியது. மச்சான் ராஜாக்கண்ணு எழுந்து வந்து, “வாங்க மாமா, வயிறு வந்துடுச்சா?” என்று வரவேற்றான்.

ரேணு பந்தி ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுத்தினியா?”

“அழுத்தினேன். கதவு மூடறதுக்குள்ள உங்க போன்ல மட்டும் சிக்னல் வந்துச்சு.”

“பெரிய மலைதானே?”

“இல்ல. முட்டிக்கட்டு.”

சுவரில் என் பெயர் ஏறுவதற்கு முன்பே உதிர்ந்துவிட்டது.

“அந்தக் கெழவர ஏன்டி எடுத்த? அவரு இந்தப் போட்டியில பாதி ஆட்டம் தோத்தவரு!”

“அந்தப் பெரிய ஆளு மூஞ்சியப் பாருங்க. வூட்ல பொய் சொல்லிட்டு வந்தவன் மாதிரியே முழிக்கிறான். அந்த மூஞ்சி இன்னிக்கி தேறாது. எனக்கு நல்லாத் தெரியும்.”

போனில் ஆட்டம் ஆரம்பித்தது. சாம்பாரோடு வந்தவர் நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தட்டை வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினார்கள். பெரிய மலை பாய்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மண்டபமே “ஓ” என்று கத்தியது. கண்ணைத் திறந்தால், பெரிய மலை வட்டத்துக்கு வெளியே குப்புறக் கிடந்தார். முட்டிக்கட்டு பாய்ச்சலுக்குச் சற்று ஒதுங்கி நின்றிருக்கிறார். அவ்வளவுதான்.

ராஜாக்கண்ணு என்னை லுங்கியோடு தூக்கினான். மாமியார் நெட்டி முறித்தார். மாப்பிள்ளையின் அப்பா, தன் சம்பந்தி வீட்டில் உலக சாதனைக்காரர் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். ரேணுவைத் தேடினேன். அவள் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்ற?”

“சாதனை பண்ணவங்க சுவத்துல ஒரு வரி எழுதணுமாங்க. கேட்டுச்சு. எழுதிட்டேன்.”

“ஐயோ, அத்த அழிச்சிடு. நான் யோசிச்சு எழுதறேன்.”

“ஒரு தடவ எழுதினா அழிக்க முடியாதாம்.”

போனை வாங்கிப் பார்த்தேன். உலகச் சுவரில், என் பெயருக்குக் கீழே, அழகான தமிழில் இருந்தது: ‘வீட்டுக்காரருக்கு வயிற்று வலி. அதனால் கடைசி ஆட்டத்தை நான்தான் ஆடினேன். இப்படிக்கு, ரேணுகாதேவி.’

அதற்குள் பின்லாந்திலிருந்து யாரோ ஒருவர் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, இப்போது வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தார்.