கண்ணை மூடிப் பார்க்க வேண்டிய படம்

அருங்காட்சியகப் பொருட்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. ஆய்வு செய்பவருக்கு அந்தப் பொருளைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே கோழிப்பண்ணைத் துறையிலிருந்து மாற்றலாகி வந்த ஆய்வு அதிகாரி, மூன்றாம் அறை ஓவியத்தின் முன்னால் படிவமும் கையுமாக நின்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அறைக்காவலர் மட்டும் படத்தின் மரச்சட்டத்தை இன்னொரு முறை துடைத்தார்.

படத்தில் மூன்று பெண்கள் மண்டியிட்டுக் கண்ணை இறுக மூடியிருக்கிறார்கள். எதிரே சிலுவையில் ஒரு மஞ்சள் உடம்பு. புல்வெளி முழுக்க மிளகாய்ச் சிவப்பு. ஓரத்தில் ஒரு நீல ஆட்டுக்குட்டி. வரைந்தவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், அவரிடம் விளக்கம் கோரிக் குறிப்பாணை அனுப்ப வழியில்லை.

"புல்லு என்ன கலர்?" என்றார் அதிகாரி.

"பச்சை சார்."

"இங்க?"

"சிவப்பு சார்."

"சிலுவையில இவருக்கு என்ன, மஞ்சக்காமாலையா?"

"இல்ல சார். தெய்வீக ஒளின்னு கீழே அட்டையில போட்டிருக்கு."

"ஆடு?"

காவலர் அட்டையை மறுபடி படித்தார். நீல ஆட்டைப் பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை.

'மேற்படி பொருளின் இயல்பான நிறங்கள் முற்றிலும் மாறியுள்ளன. சேதம் நூற்றுக்கு நூறு. பொறுப்பு: அறைக்காவலர்' என்று எழுதினார் அதிகாரி.

"சார், நான் வேலைக்கு வந்த அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சு. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப பத்தொன்பது வருஷமா மறைச்சிருக்கீங்க. அதையும் சேர்த்துக்கிறேன்."

பதினைந்து நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும் என்று ஓலை வந்தது. காவலர் சாட்சி சொல்ல ஒரு கலை விமர்சகரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். விமர்சகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இங்கே நிறம் பொருளைச் சொல்லவில்லை. ஆன்மாவைச் சொல்கிறது" என்றார்.

"ஆன்மா எந்தத் துறையில வருது?" என்று கேட்டார் அதிகாரி.

விமர்சகர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். சாட்சியம் தள்ளுபடி ஆயிற்று.

கடைசி நாள், அதிகாரி முடிவு எழுத வந்திருந்தபோது, காவலரின் மனைவி தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு நேராக மூன்றாம் அறைக்கே வந்துவிட்டாள். அந்தப் படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

"ஏங்க, இதுக்கா இத்தனை கலாட்டா? இவங்கதான் கண்ணை மூடியிருக்காங்களே! நம்ம பையன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான் வராந்தாவுல உக்காந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வேண்டினேன். வெயில் மூஞ்சியில அடிச்சுது. உள்ள பூரா செக்கச் செவேல்னு இருந்துச்சு. நடுவுல மஞ்சளா ஒண்ணு வந்து நின்னுச்சு. அது போகவே கூடாதுன்னு நான் கண்ணைத் தொறக்கவே இல்ல. இவங்களும் அதைத்தான் பாக்கிறாங்க."

காவலர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். பத்தொன்பது வருஷம் அந்தப் படச்சட்டத்தைத் துடைத்திருக்கிறார். படத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அதிகாரி ஜன்னல் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினார்.

"சிவப்புதான்" என்றார். "பொருந்துது."

காவலரின் வேலை தப்பியது. ஆனால் ஓர் அதிகாரி ஒன்றைப் புரிந்துகொண்டால் அதோடு விட்டுவிடுவாரா? கண் மூடிய நிலையில் நிறங்கள் பொருந்துகின்றன. ஆகவே சேதம் இல்லை. திறந்த நிலையில் பொருந்தவில்லை. ஆகவே திறந்தால் சேதம். மறுநாளே பலகை மாட்டப்பட்டது: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இவ்வோவியத்தைக் கண்களை மூடியே பார்க்க வேண்டும். மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். ஊழியர்களுக்கும் இது பொருந்தும்.'

விமர்சகர் உடனே 'மூடிய விழியின் ரசனை' என்று எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது. வாசலில் பட்டுக் கண்பட்டி விற்றார்கள். படித்தவர்கள் மற்ற அறைகளிலும் கண்ணை மூடிக்கொண்டு தூணில் முட்டிக்கொண்டார்கள். நெற்றி வீக்கம் நாகரிகமாயிற்று. கண்ணைத் திறந்து படம் பார்க்கிறவன் பட்டிக்காட்டான் என்று பேர் வாங்கினான்.

காவலரும் கண்ணை மூடியபடியே சட்டத்தைத் தடவித் துடைத்து வந்தார். ஒருநாள் காலை துணி சட்டத்தில் படவில்லை. சுவரில் உரசியது. கண்ணைத் திறந்தார். ஆணி மட்டும் இருந்தது.

அதிகாரியிடம் ஓடினார். "சார், படத்தைக் காணோம்!"

"காணோம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பார்த்தேன் சார்."

"கண்ணைத் திறந்தா?"

காவலர் கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அதிகாரி, கனிவாகவே. "திறந்து பார்த்திருந்தா விதிமீறல், இன்னைக்கே வேலை போயிடும். திறக்கலைன்னா நீங்க எதையும் பார்க்கல. பார்க்கலைன்னா எதுவும் காணாமப் போகல. பார்த்தீங்களா?"

அந்தச் சிவப்பும் மஞ்சளும் மனைவியின் முகமும் ஒரு கணம் வந்து போயின. காவலருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பார்க்கல சார்."

"அப்ப படம் இருக்கு. போய் வேலையைப் பாருங்க."

அவர் திரும்பி வந்தபோது மூன்றாம் அறையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. விமர்சகர் ஆணிக்கு எதிரே கண்பட்டியோடு நின்று, "இன்னைக்கு மஞ்சள் கொஞ்சம் தூக்கல்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஆமாம் என்றார்.

அந்தப் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. யாரும் தொலைக்காததால் யாரும் தேடவும் இல்லை. போன மாதம் நீங்கள்கூட வந்திருந்தீர்கள். வெகுநேரம் நின்றீர்கள். வெளியே வரும்போது, சாகும்வரை மறக்க மாட்டேன் என்று காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.