சந்தேகம் உங்களுக்கு, செலவு எங்களுக்கா?

ஒரு துறையைப் பற்றி எதுவுமே தெரியாதவனால் ஆபத்தில்லை. பேசாமல் ஓரமாக நிற்பான். நன்றாகத் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. அவனும் பேசாமல்தான் நிற்பான். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படித்துவிட்டு, பட்டமளிப்பு அங்கியின் மடிப்புகூடக் கலையாமல் வெளியே வந்த ஒருவன் இருக்கிறானே, அவனைத்தான் லாரி பக்கம் விடக் கூடாது. என்னை விட்டார்கள். (அங்கி வாடகைக்கு எடுத்தது. அதனால்தான் மடிப்பு கலையவில்லை.)

என் அம்மா குவைத்தில் நர்ஸ். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. அந்த லீவிலும் பாதி நாட்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் போய்விடும். மற்றபடி அம்மா என்பது எனக்கு ஒரு குரல். "சாப்ட்டியாடா ஜோ? என்ன சாப்ட்ட?" குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாதான் என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்து வளர்த்தார்.

நான் படிப்பை முடித்த வருடம் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்தவர், கிழக்குத் தாம்பரத்தில் அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில், விருந்தாளி மாதிரி இருந்தார். "உப்பு எங்கடா இருக்கும்?" என்று என்னைக் கேட்பார். சோபாவின் நுனியில் உட்காருவார். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து, "இத இங்க வைக்கலாமா?" என்பார்.

"வைங்க" என்றேன் ஒரு நாள்.

இருவருமே திடுக்கிட்டுப் போனோம். தொலைபேசியில் இத்தனை வருடமாக 'நீ, வா, போ' என்று பேசியவன், நேரில் பார்த்ததும் அம்மாவுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாயில் அப்படித்தான் வந்தது.

"என் சாமான்லாம் வரட்டும்டா" என்றார் அம்மா, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு. "அது வந்தாதான் நானே வந்த மாதிரி இருக்கும்."

அந்தச் சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வாழ்வின் லட்சியமாகிவிட்டது. சாமான் வந்தால் அம்மா வந்துவிடுவார். அவ்வளவுதான் கணக்கு. ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. "அப்புறம் நான் எதுக்குப்பா படிச்சேன்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். (அதே கேள்வியை அவர் பின்னாளில் பலமுறை என்னிடம் திருப்பிக் கேட்டார்.)

படப்பையைத் தாண்டி, கப்பலில் வந்த சாமான்களைச் சுங்கத்துறை விடுவிக்கும் ஒரு சரக்குக் குடோன். அம்மாவும் நானும் காலையிலேயே போய்விட்டோம். நம்ப முடியாத அளவுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேட்ட இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார், கேட்ட இடத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினார். பெட்டிகளைச் சின்ன லாரியில் ஏற்றியாகிவிட்டது. லாரி டிரைவர் டில்லிபாபு அண்ணன் சாவியைத் திருகி, "போலாமாம்மா?" என்று கேட்டும் விட்டார். அப்போதுதான் வாசலில் ஒரு கை எழுந்தது.

கஸ்டம்ஸ் ஆபிசர். அம்மா வயதுதான் இருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு தாளையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு பெட்டி இறக்கித் திறந்து காட்டிடுங்க. போயிட்டே இருக்கலாம்."

"சரிங்க மேடம். அந்தச் சமையல் சாமான் பெட்டிய இறக்கச் சொல்றேன்" என்றார் அம்மா, அவசரம் அவசரமாக.

இத்தோடு நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் லோடுமேன் ஒருவர், இறக்கி ஏற்றக் கூலி தனி என்றார். டில்லிபாபு அண்ணன், "லேட் ஆனா நமக்கு ஹால்டிங் உண்டு தம்பி" என்றார். வண்டி சும்மா நிற்கும் நேரத்துக்கான காசுக்குத்தான் ஹால்டிங் என்று பெயர். என் மூளைக்குள் இரண்டு வருடப் படிப்பு எழுந்து நின்று மைக்கைத் தட்டியது.

"மேடம், ஒரு அடிப்படைக் கேள்வி" என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார் டில்லிபாபு அண்ணன் மெதுவாக.

"இந்தப் பரிசோதனைக்கு யாரு காசு குடுக்கறது?"

"நீங்கதான்."

"சந்தேகம் உங்களுக்கு, செலவு எங்களுக்கா?"

சொன்னவுடன் எனக்கே புல்லரித்தது. அவ்வளவு நல்ல வாக்கியத்தை அதற்கு முன் நான் பேசியதே இல்லை. சுற்றிலும் பார்த்தேன். கைதட்டத்தான் ஆளில்லை.

ஆபிசர் பொறுமையாகத்தான் சொன்னார். "தம்பி, டாக்டருக்குச் சந்தேகம் வந்து ஸ்கேன் எடுக்கச் சொல்றாரு. யாரு காசு கட்டறா?"

"பேஷன்ட்தான்" என்றார் அம்மா. வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கேள்வி வந்ததும் பதில் தானாக வந்துவிட்டது.

"பாருங்க, உங்க அம்மாவுக்கே தெரியுது."

சொந்த முகாமிலேயே துரோகம்! நான் விடுவேனா? "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னு வந்தா? காச திருப்பித் தருவீங்களா? எங்க பெட்டில ஒண்ணுமே இல்ல மேடம். எல்லாத்தையும் வேணாலும் திறந்து பாத்துக்குங்க!"

"ஜோ" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "வாய மூடுடா. அந்த நீலப் பெட்டி வேணாம்டா."

"நீங்க பயப்படாதீங்கம்மா!" என்றேன், வாசல் முழுக்கக் கேட்கும்படி. "நீலப் பெட்டியையும் காட்டுவோம்!"

ஆபிசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எல்லாத்தையும் இறக்குங்க. நீலப் பெட்டிய மொதல்ல."

டில்லிபாபு அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "இன்னா தம்பி நீ, சும்மா போய்கினு இருந்த வண்டிய நீயே மறிச்சிட்டியே!"

நீலப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே முழுக்கத் துணி. பையன்கள் போடும் சட்டை, கால்சட்டை, கழுத்தில் மாட்டும் சின்ன டை, ஒரு குட்டிக் கோட். எல்லாம் புத்தம் புதிது. ஒவ்வொன்றிலும் அரபியில் விலைச்சீட்டு தொங்கியது. ஆபிசர் ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்க அடுக்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டே போனார்.

"ஏம்மா, துணிக்கடை வைக்கப் போறீங்களா?"

"இல்லைங்க."

"உங்க வீட்ல எத்தன பசங்க?"

"ஒருத்தன்."

"இதுல அஞ்சு வயசு சைஸ் இருக்கு, ஏழு இருக்கு, பதிமூணு வரைக்கும் போகுது. ஒருத்தனுக்கு எப்படிம்மா எல்லா சைஸும்?"

அம்மா அந்தக் குட்டிக் கோட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். விற்பனைக்கான சரக்கு என்று முடிவானால் வரியும் அபராதமும் கட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டி இங்கேயே கிடக்கும் என்றார் ஆபிசர். "கிடக்கட்டுங்க. அத விட்டுட்டு மத்தத எடுத்துட்டுப் போறோம்" என்றார் அம்மா. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் அம்மாவையும் இங்கேயே விட்டுவிட்டு, அந்த விருந்தாளியைத்தான் தாம்பரத்துக்கு அழைத்துப் போவேன் என்று தோன்றியது.

"எல்லாம் எனக்குத்தான் மேடம்!" என்று கத்தினேன். "இது என் சட்டை. போட்டுக் காட்டவா?"

யாரும் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். நானாகவே இருப்பதிலேயே பெரிய சட்டையை எடுத்து, இரண்டு கையையும் தூக்கித் தலைவழியாக நுழைத்தேன். பதிமூன்று வயதுப் பையனுக்குத் தைத்த சட்டை. மேல் பட்டனைக்கூட அவிழ்க்கவில்லை. தலை பாதி வழியில் நின்றது. கைகள் மேலே மாட்டிக்கொண்டன. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போட்டிருந்த சட்டையும் மேலேறித் தொப்பையில் காற்றுப்பட, சரணடைந்த திருடன் மாதிரி ஒரு சுங்க வாசலில் நின்றேன். (அப்போது எனக்குத் தொப்பை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லோடுமேன்கள் சிரித்த சிரிப்பில் அதுவும் தெளிந்தது.)

அந்த இருட்டுக்குள் புதுத் துணி வாசனை. வெளியே அம்மாவின் குரல். தொலைபேசியில் கேட்ட அதே குரல்தான், முகம் இல்லாமல்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போயிடலாம்னு நெனச்சு வாங்கிடுவேன் மேடம். லீவு கிடைச்ச வருஷம் குடுத்துட்டேன். கிடைக்காத வருஷத்துது எல்லாம் இங்க இருக்கு. கடைல போயி, ஏழு வயசுப் பையன் என்ன உயரம் இருப்பான்னு கேட்டு வாங்குவேன். அடுத்த தடவ ஊருக்கு வர்றதுக்குள்ள இவன் வளந்துடுவான். சின்னதாப் போனத எதுக்குக் காட்டணும்னு உள்ள வெச்சிட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல."

துணிகளைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆபிசர், "ஆமா, ஆறு இல்ல, எட்டு இல்ல. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வருது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கடைக்காரன்னா ஒரே சைஸ்ல டஜன் டஜனா வாங்குவான்" என்றார். அப்புறம், "தம்பி, நீங்க வெளிய வரலாம்."

நான் வரவில்லை. வரமுடியவில்லை என்பது ஒரு காரணம். வரும் நிலையில் முகம் இல்லை என்பது இன்னொரு காரணம். அந்தச் சட்டைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"கையத் தூக்கு" என்றது அம்மாவின் குரல், மிகப் பக்கத்தில்.

"தூக்கிட்டுதானம்மா இருக்கேன்."

"இன்னும் நல்லாத் தூக்கு. தலையக் குனி. ஆட்டாதடா மாடு."

மேல் பட்டன் தெறித்து எங்கோ விழுந்தது. சட்டை உருவிக்கொண்டு வந்தது. கலைந்த என் தலைமுடியை அம்மா ஒரு கையால் ஒதுக்கிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களுக்கு எல்லா வீட்டிலும் மாலையில் நடக்கும் காரியம்தான். எனக்கு இருபத்து மூன்று வயதில், லாரிகளுக்கு நடுவே நடந்தது.

பெட்டிகளைத் திரும்ப ஏற்றினார்கள். இறக்கு கூலி, ஏற்று கூலி, பிரித்த பெட்டியைக் கட்டும் கூலி, ஹால்டிங் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார் டில்லிபாபு அண்ணன். அம்மா கைப்பையைத் திறந்தார்.

"நீ வைம்மா" என்று தடுத்தேன். "நான்தான் குடுக்கணும்."

"ஏன் தம்பி, சந்தேகப்பட்டவங்க தரணும்னு சொல்லிகினு இருந்தியே?" என்றார் அவர்.

"சரக்கு என்னுதுண்ணா."

லோடுமேன் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பெத்த அம்மா முன்னாடியே சரக்கு என்னுதுன்ற. தைரியம்தான் உனக்கு!"

ஆபிசர்கூடச் சிரித்துவிட்டார். பைக் வாங்குவதற்கு நான் வைத்திருந்த முன்பணத்தில் ஒரு பகுதி அந்த வாசலிலேயே போனது. திரும்பும் வழியெல்லாம் லாரி கேபினில் எனக்கும் டில்லிபாபு அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைத் திட்டினார். "வாயாடா அது? பொது இடத்துல சட்டையப் போட்டுக் காட்டறானாம், சட்டைய!" முடிச்சூர் வருவதற்குள் என் தொடையில் இரண்டு அடியும் விழுந்தது. எனக்குத் தெரிந்து அம்மாவிடம் நேரில் நான் வாங்கிய முதல் அடி. அந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

அந்தத் துணிகளை வீட்டில் வைத்து என்ன செய்வது? அந்த டிசம்பரில் எங்கள் தெருப் பையன்களை அளவு பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தார் அம்மா. கிறிஸ்துமஸ் காலையில் சர்ச் வளாகத்தில் பார்த்தால், என் ஐந்து வயது ஊதல் ஊதிக்கொண்டு ஓடுகிறது. என் ஒன்பது வயது கேக்குக்குச் சண்டை போடுகிறது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வயது கீழே விழப் போன சமயத்தில், "ஜோ, பாத்துடா!" என்று கத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நானும் அந்தப் பையனும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

ஒரு பையனுக்குச் சட்டை பத்தாமல் போனால் அவன் அம்மா அதைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தெருச் சட்டம். அந்த அளவுக்கு அடுத்த பையனை அம்மா தேடிப் பிடிப்பார். அவர்களுக்கு எத்தனை பெயர் இருந்தாலும் அம்மாவுக்கு எல்லாரும் ஜோதான். அவர்களும் பழகிவிட்டார்கள். இன்றும் அம்மா வாசலில் நின்று, "ஜோ, சாப்பிட வாடா!" என்று கூப்பிட்டால், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்பார்:

"எந்த சைஸ்?"