நாகராசுவின் நேர்பார்வை

இனி இந்த உலகத்தை நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று நாற்பத்து நாலாவது வயதில் முடிவெடுத்தேன். காரணம் ஒரு போட்டோக்காரன்.

என் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. புதுக்கோட்டையில் மண்டபம். குடும்பத்தோடு மேடையில் நிற்கிறோம்.

"அண்ணே, கேமராவைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இல்லண்ணே, வாசல்ல கட்டுன வாழைத்தாரைப் பாக்குறீங்க."

"கேமராவைத்தான்டா பாக்குறேன்!"

"சரிண்ணே, கோவப்படாதீங்க. நீங்க வாழைத்தாரையே பாருங்க."

பார்த்தேன்.

"சூப்பர்! இப்பத்தாண்ணே கேமராவைப் பாக்குறீங்க!"

மண்டபமே சிரித்தது. காது குத்திய பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

எனக்கு மாறுகண். ஒரு கண் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டால் மற்றது ஆவுடையார்கோவிலுக்குப் புறப்படும். அரிமளத்தில் என் உரக்கடைக்கு வந்து பாருங்கள். "என்ன வேணும்?" என்று நான் ஒருவரைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் "யூரியா" என்பார். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஒண்ணரைக்கண்ணு. வீட்டில் 'அதிர்ஷ்டக் கண்ணு' என்றார்கள். எந்த அதிர்ஷ்டம்? எந்தத் திசையில்? இதனாலேயே யாரிடம் பேசினாலும் தரையைப் பார்த்துப் பேசுகிறவன் நான். பெண் பார்க்கப் போன அன்றும் தரையைத்தான் பார்த்தேன். பெண்ணைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ.

அன்று சாயங்காலமே மனைவி சிவரஞ்சனியிடம் அறிவித்தேன்.

"கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணப் போறேன்."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

"எது நல்லாயிருக்கு? ஒரு நாளாவது நான் ஒன்னைய நேரா பாத்திருக்கேனா?"

"அதனாலதான் குடும்பம் ஓடுது. வேணாங்க. இந்த வயசுல யாருக்குக் காட்ட?"

"ஏன், நான் அழகாயிருவேன்னு பயமா?"

"பயமா? கண்ணைத்தான சரி பண்ணுவாங்க, மூஞ்சியவா?"

கொதித்துப் போனேன். என் கண்! என் மூஞ்சி! இவள் யார் வேண்டாம் என்று சொல்ல? கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் வேண்டாம் என்பதைச் செய்வது ஒன்றுதான் என் வீட்டில் எனக்கு மிச்சமிருக்கும் சுதந்திரம். அதையும் விடுவேனா?

உரக் கம்பெனி மீட்டிங் என்று பொய் சொல்லிப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா கண் முன்னால் கண்ணாடிக் கட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"இந்த வயசுல ஆகுங்களா?"

"தாராளமா ஆகும். கண்ணை இழுத்துப் பிடிக்கிற தசையைத்தான் சரி பண்றோம். கொஞ்ச நாளைக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியலாம்."

"டாக்டர், வீட்ல ஒண்ணையே சமாளிக்க முடியல."

சிரித்தார். முப்பது வருடத்துக்கு முன்பே யாராவது என்னை இங்கே கூட்டி வந்திருக்கக் கூடாதா? அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை இரண்டாவது மீட்டிங். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டியை ஏமாற்றிய பெருமிதத்தோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நர்ஸ் பிளெஸ்ஸி ஃபைலை நீட்டினார்.

"இதுல சைன் பண்ணுங்க சார். கூட இருக்கறவங்க சைன் ஆயிருச்சு."

"கூட யாரும் வரலையேம்மா!"

பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தாலும் நேரே பார்த்தாலும் ஒரே எழுத்து. நா. சிவரஞ்சனி.

"ஒங்க வீட்டம்மா ரெண்டு மாசம் முன்னாடியே வந்து விசாரிச்சாங்க சார். நீங்க வந்தா சொல்லச் சொன்னாங்க. 'நான் வேணும்னா அவரு வேணாம்பாரு. நான் வேணாம்னு சொல்றேன், அவரே வருவாரு'ன்னாங்க."

ரத்தம் தலைக்கேறியது. அங்கேயே அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏமாத்துக்காரி! என்னைய என்ன, ஆட்டுக்குட்டின்னு நெனச்சியா?"

"யாருங்க மீட்டிங்னு சொல்லிட்டுப் போனது?"

"அதை விடு! ஏன்டி மறைச்சே?"

"தரையைப் பாத்துப் பேசுற மனுசனோட பதினெட்டு வருசம் ஓட்டிட்டேன். ஒரு நாளாவது என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டுமேன்னுதான்."

ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"முடியாது! எனக்கு ஆபரேஷனே வேணாம்!"

"சரிங்க. வேணாம். வந்துருங்க."

வேண்டாமா? இவள் வேண்டாம் என்றால் நான் வந்துவிட வேண்டுமா?

"நீ யாருடி வேணாங்கறதுக்கு?" என்று கத்தியபடியே, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். போனை வெட்டென்று கட் பண்ணினேன்.

போன் கட்டாகிவிட்டது. குரல் கட்டாகவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"போட்டாச்சுல்ல? வாங்க, நம்ம ரூம் ரெண்டாவது மாடி."