ஊதாத் துணிக்குள் சூசையப்பர்

சிலுவையின் முனை சூசையப்பரின் தலையில் பட்டபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ‘டொக்’ என்று ஒன்று. அதன் பின்னால், யாரோ உள்ளுக்குள் சிரித்து அடக்கிக்கொண்டது போல மெல்ல ஒரு ‘கலகல’. அவ்வளவுதான்.

விமலா டீச்சர் சிலுவையைத் தோளில் சுமந்தபடியே திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட ஹாலின் மூலையில், பீடத்தின் மேல், ஊதாத் துணி போர்த்தி நின்ற சூசையப்பர் சிலைக்குத் தோள் இருந்தது. தோளுக்கு மேலே துணி தொளதொளவென்று தொங்கியது.

தலை இல்லை.

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். சிலுவைப்பாதை நாடகத்தில் இயேசு எப்படித் தடுமாறி விழ வேண்டும் என்று காலையெல்லாம் சொல்லிக்கொடுத்தும், ஐந்தாம் வகுப்புக் கார்த்தி கபடிக்காரன் மாதிரியே விழுந்துகொண்டிருந்தான். ஒருதடவை தானே விழுந்து பார்க்கலாம் என்று நினைத்தாள். இயேசு சரியாகத்தான் விழுந்தார். சூசையப்பர்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்.

துணியைத் தூக்கிப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரமும் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பார்கள். ஈஸ்டர் வரும்வரை திறக்கக் கூடாது. சிறு வயதில் திண்டுக்கல்லில் உபதேசியார் சொல்லியிருந்தார், “நடுவுல தூக்கிப் பார்த்தா கண்ணு போயிரும்.” ஆசிரியர் பயிற்சி முடித்து, மலையேறி வந்து, மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் இந்த நாளிலும் அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவில்லை.

அதைவிடப் பெரிய பயம் சிஸ்டர் அமலோற்பவம். தலைமை ஆசிரியை. விமலாவை நிரந்தரம் செய்யலாமா, ஊருக்கு அனுப்பலாமா என்று ஈஸ்டர் முடிந்ததும் சிஸ்டர்தான் மேலிடத்துக்கு எழுத வேண்டும். போன வருடம் ஸ்டெல்லா டீச்சர் ஒரு குத்துவிளக்கைத் தட்டிவிட்டாள். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெல்லா டீச்சர் இப்போது சேந்தமங்கலத்தில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

துணியைக் கீழே சுற்றிவர நூலால் கட்டியிருந்தார் சிஸ்டர். பின்பக்கம் இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி. விமலா கையை விட்டுத் துழாவினாள். உடைந்த சில்லுகள் அகப்பட்டன. ஒருபக்கம் சிவப்பு மண், மறுபக்கம் கன்னங்கரேலென்று கறுப்பு. சூசையப்பரின் தலைமுடி! வெளியே எத்தனை வர்ணம் பூசினாலும் உள்ளே எல்லாரும் மண்தான் என்று தோன்றியது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையும் கொஞ்சம் சாக்கும் விரலில் தட்டுப்பட்டன. சுரூபம் செய்கிறவர்கள் உள்ளே இப்படித்தான் வைப்பார்கள் போலிருக்கிறது.

சில்லுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய், காப்பிச் செடிகளுக்கு அடியில் புதைத்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு பழைய பரீட்சைத் தாள்களைக் கசக்கி உருட்டி, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டையின் மேல் செருகினாள்.

தள்ளி நின்று பார்த்தாள். தலை மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் சின்னத் தலை.

மாலைச் செபத்துக்கு வந்த சிஸ்டர் அமலோற்பவம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இவருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கு சிஸ்டர்?”

சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. “ஒண்ணுமில்ல. இனிமே அந்த மூலைப்பக்கம் யாரும் போகக் கூடாது. கூட்டுறதுக்குக்கூட.”

கோபத்தில் வெளுத்திருக்கிறார் என்று விமலாவுக்குப் புரிந்தது. சந்தேகம் வந்துவிட்டது.

சத்துணவு சமைக்கும் ராக்கம்மாள் சமையல்கட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க டீச்சர், உங்க சாமி எளைச்சுப் போச்சுங்களே. நீங்கெல்லாம் ஒருசந்தி இருக்கறீங்கன்னு அவரும் சோறு திங்கறதில்லையாட்ட இருக்குது.”

விமலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.

“ராக்கம்மா, கணக்குப் பாடத்துக்கு உருண்டையா ஏதாச்சும் வேணும். தலை அளவுக்கு.”

“யாரு தலை அளவுக்குங்க?”

“யாரு தலையா இருந்தா என்ன?”

“பரங்கிக்கா ஒண்ணு இருக்குது. பாடம் முடிஞ்சதும் குடுத்துருங்க சாமி, நாளைக்குக் கொழம்புக்கு வேணும்.”

பரங்கிக்காய் அந்த இடைவெளியில் நுழையவில்லை. ஒரு முடிச்சை அவிழ்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்பக்கத் துணியைத் தூக்கினாள். பார்வையற்றவள் போலத் தடவித் தடவி, காகிதத் தலையை எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பரங்கிக்காயைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள். துணியை இறக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

கொஞ்சம் பெரிய தலை.

“அட!” என்றாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த ராக்கம்மாள். குடம் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. “நேத்து எளைச்சவரு இன்னிக்குப் பெருத்துட்டாருங்களே!”

“மெதுவாப் பேசு ராக்கம்மா.”

“நான் மெதுவாப் பேசுனா மட்டும் அவரு சிறுத்துருவாருங்களா?”

செபத்துக்கு வந்த சிஸ்டர், சூசையப்பரைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். அன்று ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ பாதியில் நின்று, வேறொரு செபத்துக்குத் தாவி, மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. பிள்ளைகள் மூன்றுக்கும் ‘ஆமென்’ சொன்னார்கள்.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். மூன்றாம் நாள் பாட்டு வகுப்பில் பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். தரை அதிர்ந்தது. ஊதாத் துணிக்குள் அந்தப் பெரிய தலை மெதுவாக, மிக மெதுவாக, வெயில் சாய்வதுபோல முன்னால் குனிந்தது. பாட்டு நின்றது. இரண்டாம் வகுப்பு ஜீவா கையைத் தூக்கினாள்.

“டீச்சர், சாமி நம்மளக் கும்பிடுது.”

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘நாடு’. பொழுது சாய்வதற்குள் கதை பள்ளிக்கூடம் இருந்த தேவனூர் நாட்டைத் தாண்டிவிட்டது. மறுநாள் எடப்புளி நாட்டிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். தேங்காய், வாழைப்பழம், கற்பூரம், அன்னாசி. பள்ளிக்கூட ஹாலில் செருப்பு வைக்க இடமில்லை. ராக்கம்மாள் அடுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

“மொத நாளு எளைச்சுச்சு. ரெண்டா நாளு பெருத்துச்சு. மூணா நாளு குனிஞ்சுச்சு. நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க.”

மிளகுத் தோட்டக்காரர் மாதேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “டீச்சரம்மா, என்ற காட்டுல போர் போட்டாத் தண்ணி வருமான்னு ஒரு வார்த்த கேளுங்க. பேச வேண்டாம். தலைய ஆட்டுனாப் போதும்.”

“அவர் ஆட்ட மாட்டாருங்க!”

“குனிஞ்சவரு ஆட்ட மாட்டாருங்களா?”

சிஸ்டர் அமலோற்பவம் உள்ளேயிருந்து ஓடிவந்தார். இப்படி ஓடி அவரை யாரும் பார்த்ததில்லை. “கும்பிடாதீங்க! சொல்றதைக் கேளுங்க, கற்பூரத்தை அணைங்க! அது வெறும்...” அங்கேயே நின்றது பேச்சு.

“வெறும் என்னங்க சிஸ்டரம்மா?” என்றார் மாதேஸ்வரன்.

சிஸ்டர் கற்பூரத்தைத் தானே ஊதி அணைத்தார். “வெறும் சுரூபம்.”

சொல்லிவிட்டு விமலாவை ஒரு பார்வை பார்த்தார். விமலா தன் அறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

குருத்து ஞாயிறன்று பூசை வைக்க வந்த அந்தோணிசாமி ஃபாதர், குருத்தோலையோடு நின்றவர்களைவிட அன்னாசியோடு நின்றவர்கள் அதிகம் என்று கண்டார். நிதானமான மனிதர். சிஸ்டரையும் விமலாவையும் கூப்பிட்டார்.

“இது எங்கே போய் முடியுமோ தெரியலை. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் எல்லார் முன்னாடியும் துணியை எடுத்துடுவோம். உள்ளே சாதாரணச் சூசையப்பர் நிக்கிறதைப் பார்த்தா அமைதியாப் போயிடுவாங்க.”

“வேண்டாம் ஃபாதர்!” என்றார் சிஸ்டர்.

“வேண்டாம் ஃபாதர்!” என்றாள் விமலா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சிஸ்டர் விமலாவைப் பார்த்தார். விமலா தரையைப் பார்த்தாள். அறிவிப்பு அன்றே பூசையில் போய்விட்டது.

விமலா சேலத்தில் ஒரு சுரூபக் கடைக்குப் போன் போட்டாள். சூசையப்பர் இருப்பில் இல்லை, அந்தோணியார் இருக்கிறார், போதுமா என்று கேட்டார்கள். இதற்குள் பீடத்தின் மேல் எறும்பு சாரைசாரையாக ஏறத் தொடங்கியிருந்தது. “நல்ல சாமிங்க, எறும்பே தேடி வருது” என்றாள் ராக்கம்மாள். பரங்கிக்காய் அழுகத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை வரை தாங்குமா என்பதே சந்தேகம். தாங்கினால் இன்னும் மோசம்.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனம். விமலா வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் சிஸ்டர். வெகுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். இவ்வளவு கண்டிப்பான கன்னியாஸ்திரிக்கு அழுகிற அளவுக்கு என்ன பாவம் இருக்க முடியும் என்று விமலாவுக்கு வியப்பாக இருந்தது. ஒருவேளை தன்மேல் கொண்ட கோபமே பாவமாகிவிட்டதோ?

அவள் மண்டியிட்டாள்.

“ஃபாதர், நான் சூசையப்பர் தலையை உடைச்சிட்டேன்.”

தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதரின் நாற்காலி கிரீச்சிட்டது.

“இப்போ அங்கே இருக்கறது பரங்கிக்காய்.”

அந்தப் பக்கம் மூச்சு அடைப்பதுபோல ஒரு சத்தம். தட்டியின் இடுக்கில் பார்த்தாள். ஃபாதர் கழுத்துப் பட்டையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். தோள்கள் குலுங்கின. தன் பாவத்துக்காக ஒரு குருவானவர் அழுவதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

“ஃபாதர்?”

“பொறும்மா.” தொண்டையைச் செருமினார். “பரங்கிக்காயா?”

“ஆமா ஃபாதர்.”

தோள்கள் மறுபடி குலுங்கின.

“சனிக்கிழமை திறக்கிறதை நிறுத்திடுங்க ஃபாதர். உங்களுக்குத்தான் இப்போ தெரியுமே!”

“இங்கே கேட்டதை வெச்சு வெளியே நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதும்மா. நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? யார்கிட்டயும் எதுவும் சொல்ல முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்கிட்டக்கூடச் சொல்ல முடியாது. போய் ஒரு செபமாலை சொல்லு. தைரியமா இரு.”

தைரியமாக இருக்கச் சொன்னவரின் குரலே நடுங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலிலும் வாசலிலும் சனம். மரத்தின் மேல் பிள்ளைகள். மாதேஸ்வரன் போர் போடும் ஆளையே கையோடு கூட்டி வந்திருந்தார். ஊதாத் துணியில் நெற்றிப் பக்கம் ஈரமாக ஒரு கறை படர்ந்திருந்தது.

“வேர்க்குதுங்க!” என்றாள் ராக்கம்மாள். பத்துப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஃபாதர் கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்தவர் வெட்டவில்லை. முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கத்தரிக்கோலைத் துடைத்தார். பிறகு ஒரு செபம் சொன்னார். அது முடிந்ததும் இன்னொன்று. கடைசியில் சொல்வதற்குச் செபம் எதுவும் மிச்சமில்லாமல் குனிந்து முதல் முடிச்சை வெட்டினார்.

நூல் அறுந்த சத்தம் விமலாவுக்குத் தன் எலும்பில் கேட்டது. அறையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நாலு மணிக்கு ஒரு பஸ். துணி விழுந்து, இத்தனை சனமும் பார்த்து, சிஸ்டர் கைநீட்டி ‘போ’ என்று சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் என்ன? ஒரு பொய்க்கு எத்தனை பேர் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்!

“நிறுத்துங்க ஃபாதர்!” முன்னால் வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணு சொல்லணும்.”

“நீ பேசாதே விமலா!” சிஸ்டர் அமலோற்பவம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். “நான்தான் சொல்லணும்.”

“இல்ல சிஸ்டர், தப்பு என்னுது.”

“பேசாதேன்னு சொன்னேன்ல?”

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். துணிக்குள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“ஆட்டீட்டாரு!” என்று கூவினார் மாதேஸ்வரன். “தண்ணி இருக்குது!”

அந்தக் கூச்சலுக்கு நடுவே வாசலில் ஒரு சரக்கு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. கூட்டம் திரும்பியது. லுங்கியெல்லாம் பெயிண்ட் திட்டுத்திட்டாய் ஒட்டிய ஒரு மனிதர், போர்வையில் சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சுவாங்க உள்ளே வந்தார்.

“நம்ம சேந்தமங்கலத்துக் கோயில் பெயிண்டர் அர்த்தனாரியல்லோ!” என்றாள் ராக்கம்மாள். “உங்களுக்கு இங்க என்னங்க சோலி?”

அர்த்தனாரி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நேராகப் பீடத்தருகே வந்து, சிஸ்டரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

“கோவிச்சுக்காதீங்க சிஸ்டரம்மா, மழையில பெயிண்ட் காயறதுக்கு லேட்டாயிருச்சு, நீங்க தொடைக்கையில ஒடைச்ச மூக்க ஒட்டி உங்க சூசையப்பரப் புதுசாட்டம் கொண்டாந்துட்டேன், அவரு எடத்துல நாம கட்டை மேல கவுத்துத் துணியப் போத்தி வெச்சமே ஒரு கரி புடிச்ச மண்பானை, அத எறக்கிட்டீங்கன்னா இவர நிக்க வெச்சுட்டுப் போயிருவனுங்க.”