இடப்பக்கத்துத் தாள்

எங்கள் தலைநகரத்தில் குளிருக்கும் கொசுவுக்கும் அடுத்தபடி ஏராளமாகக் கிடைப்பவர் ‘ஆகா’காரர். சக்கரவர்த்தி தூரிகையை மையில் தோய்ப்பதற்கு முன்பே இவருக்குக் கண் கலங்கிவிடும். எழுதினால் அருவி, எழுதாமல் விட்ட இடம் நிலவு, கைதவறிச் சொட்டிய மை என்றால் கேட்கவே வேண்டாம், ஞானம். அவர் புல்லாங்குழல் வாசித்தால் இவர் தலை ஆடும். நிறுத்திவிட்டு இருமினாலும் ஆடும். லேசுப்பட்ட ஆளா?

எங்கள் மொரோஹிரா பிரபு இந்த இனத்தில் முதல் தரம். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக அரசவையில் நான்காம் படியிலேயே இருக்கிறார், பாவம். வாசமோ மாமனார் வீட்டில். இந்தப் புத்தாண்டுப் பதவி உயர்வுப் பட்டியலிலும் மூன்றாம் படி கிடைக்காவிட்டால் அங்கே சோறு தொண்டையில் இறங்காது.

அந்தச் சமயம் பார்த்துத் தூரிகை எழுத்துப் போட்டி வந்தது. இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் ஒரு தாள். இரண்டிலும் பெயர் இருக்காது. நடுவர் மொரோஹிரா. பெயர் எதற்கு? சக்கரவர்த்தியின் தாள் எப்போதும் இடப்பக்கம்தான். முதல் சுற்றில் இடப்பக்கம் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

“இடப்பக்கம் கொக்கு பறக்கிறாப்பல இருக்கு” என்றார் மொரோஹிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வலப்பக்கம் யாரோ பாவம், முள்ளங்கி கட்டுற கயித்தை மையில முக்கிப் போட்டிருக்காங்க.”

மூங்கில் திரைக்குப் பின்னாலிருந்து சக்கரவர்த்தியின் குரல் வந்தது. “வலப்பக்கம் நான் எழுதினது. வேணும்னுதான் மாத்தி வைக்கச் சொன்னேன். இடப்பக்கம் மை அரைக்கிற பொண்ணு எழுதினது.”

மொரோஹிராவின் நெற்றி தரையில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பரிதாபமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

“எந்திரிங்க. இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் ஒருத்தர் என் எழுத்துல குறை சொல்லியிருக்கார். மூணாம் படிக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். எந்த எழுத்து கயிறு மாதிரி இருக்கு? காட்டுங்க, திருத்திக்கிறேன்.”

ஒரே ஒரு எழுத்தைக் காட்டினால் போதும். மொரோஹிரா தாளருகே தவழ்ந்து போனார். அந்தத் தாளை அவர் பார்த்ததே அப்போதுதான்.

“மன்னிக்கணும் சக்கரவர்த்தி. தூரத்துல கயிறாத் தெரிஞ்சது. கிட்ட வந்தா அருவி.”

திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. புத்தாண்டுப் பட்டியலில் மொரோஹிராவின் பெயர் இல்லை. இப்போது தினமும் காலையில் சக்கரவர்த்தியின் எழுத்துக்குக் குறை சொல்வது மை அரைக்கிற பெண்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்தக் கதை நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்த நீங்கள், எழுதியது யார் என்று ஏன் தேடுகிறீர்கள்?