வாத்து பறந்த பத்து விநாடி

வாத்தைப் படமெடுப்பது சுலபம். அது ஏதாவது செய்யும்போது எடுப்பதுதான் கஷ்டம். ஏனென்றால், வாத்து எதுவுமே செய்வதில்லை.

இது நான்கு வருடங்களுக்கு முன் எனக்குத் தெரியாது. கோந்த்வாவில் எங்கள் குடியிருப்புக் காலண்டரின் ஜனவரிப் பக்கத்துக்கு, "பறக்கும் காட்டு வாத்துகள் தருகிறேன்" என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) கடைசி நாளன்றுதான் கேமராவோடு கிளம்பினேன். கோவையிலிருந்து வந்திருந்த மாமனாரும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். மாப்பிள்ளையின் திறமையை நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஊருக்கு வெளியே ஆற்றங்கரை. விடிகாலைக் குளிர். நாற்பது புள்ளிமூக்கு வாத்துகள் தலையை முதுகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஒரு படம்கூட எடுக்காமல் காத்திருந்தேன். தூங்கும் வாத்தை எடுப்பது கௌரவக் குறைச்சல் அல்லவா?

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டும் போயிற்று.

"ஏனுங்க மாப்ள, இதுகளுக்கு உசுரு இருக்குதுங்களா?" என்றார் மாமனார்.

"பேசாதீங்க மாமா, பறந்துடும்."

"பறக்கோணும்னுதானுங்களே வந்தோம்?"

பல்லைக் கடித்தேன்.

அப்போது மேலே ஒரு பருந்து வந்தது. நாற்பது வாத்தும் ஒரே நொடியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தன. இறக்கைகளில் வெயில், காலடியில் நீர்த்திவலை. "அமுக்குங்க மாப்ள, அமுக்குங்க!" என்று மாமனார் குதித்தார். அமுக்கினேன்.

பீப். பீப். பீப்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி முதலிலிருந்து பீப். வாத்துகள் தலைக்கு மேல் ஒரு வட்டமடித்து, எனக்குப் போதுமான அவகாசம் கொடுத்துவிட்டு, மறைந்தன. 'இந்தச் சனியன் ஏன் கத்துகிறது?' என்று முன்பக்கம் போய்க் குனிந்து லென்ஸுக்குள் பார்த்தேன்.

கிளிக்.

முந்தைய நாள் மாமனாரின் பிறந்தநாளுக்குக் குடும்பப் படம் எடுக்க, பத்து விநாடி டைமர் வைத்தவன் நான்தான். அதை மாற்ற மறந்தவனும் நான்தான்.

எருமைகளோடு வந்த ஒருவர் வானத்தைக் காட்டி, "ஆத்தா சந்த்யாகாளீ யேத்தீல்" என்று மராத்தியில் சொன்னார். இனி சாயங்காலம்தான் வருமாம்.

மாமனார் பயபக்தியோடு மஃப்ளரை அவிழ்த்தார். "ஆத்தா, காளிங்கறாரே... பக்கத்துல கோயிலுங்களா?"

வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அன்றைய படம் ஒன்றே ஒன்று. அதற்குள் குடியிருப்பின் செக்ரட்டரி அம்மாள் படம் வாங்க நேரிலேயே வந்துவிட்டார். திரை முழுக்க மங்கலான பழுப்பு மேடு. அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்து, "அருமை! சிங்ககட் மலையில் மூடுபனியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்லைங்க, இவரோட மூக்கு" என்றாள் என் மனைவி, அதே ஹிந்தியில், மிகத் தெளிவாக.

ஜனவரிக்கு எதிர் வீட்டுக்காரரின் செம்பருத்திப்பூ வந்தது. (அசையாததைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவருக்கு இருந்தது.)

மாமனார் ஊர் திரும்பியதும் சொந்தபந்தம் அத்தனைக்கும் கதை போய்ச் சேர்ந்தது. சென்ற மாதம் ஆபீஸில் எனக்கு வரவேண்டிய ப்ரமோஷன் இன்னொருவருக்குப் போனது. விஷயம் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல மாமனாரே போன் செய்தார்.

"உடுங்க மாப்ள, மனசத் தளர உட்டுறாதீங்க. நீங்க அமுக்குனது சரிதானுங்க. பத்து செகண்டுதான் லேட்டு."